மருந்து விஸ்கியும் எங்கள் வீட்டு மதுவிலக்கும்

நான் ஒட்டும் லேபிளை யாரும் வாசிப்பதில்லை. போத்தலின் முன்பக்கத்தில் ஒரு குதிரையோ, ஆற்றங்கரை மாளிகையோ, தாடி வைத்த கிழவரோ இருப்பார். அதெல்லாம் அமெரிக்காவிலேயே ஒட்டி வரும். பின்பக்கத்தில் இறக்குமதி செய்தவரின் முகவரி, சாராய வீதம், கொள்ளளவு என்று ஜெர்மன் சட்டம் கேட்கும் விபரங்களோடு ஒரு சின்ன வெள்ளைத் தாள் இருக்கும். அதுதான் என் வேலை. ஹம் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டியிருக்கும் ஒரு களஞ்சியத்தில் பதினொரு வருடமாக அதைச் செய்கிறேன். குடிகாரனின் பெண்சாதிக்குச் சாராயக் களஞ்சியத்தில் வேலை என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணியது எனக்குத் தெரியும். வேலைக்கு எழுதிப் போட்டபோது அலுவலகத்தில் 'பானங்கள்' என்று மட்டும்தான் சொன்னார்கள். நான் தோடம்பழச் சாறு என்று நினைத்துப் போனேன்.

போர்பன் என்பது சோளத்தில் காய்ச்சும் அமெரிக்க விஸ்கி. அதைக் காய்ச்சுகிறவர்களுக்கு எதையாவது நினைவுகூராமல் இருக்க முடியாது. ஆலை தொடங்கி நூறு வருடம், நூற்றைம்பது வருடம், முதல் முதலாளியின் பிறந்தநாள், அவருடைய மகன் கலியாணம் கட்டிய நாள், எல்லாவற்றுக்கும் ஒரு நினைவுப் போத்தல் வரும். பீப்பாய்கள் அடுக்கிய கட்டடம் தீப்பிடித்து எரிந்ததற்குக்கூட ஒன்று வந்தது. எங்கள் ஆட்கள் செத்தவீட்டு நினைவுமலர் அடிப்பது போல என்று நினைத்துக்கொள்வேன். நினைவு வெளியீடு என்றால் எங்களுக்குக் கூடுதல் வேலை. பெட்டி மெல்லியது, நசுங்கிவிடும். போத்தல் பழைய வடிவத்தில் இருக்கும், இயந்திரம் பிடிக்காது. கையால்தான் ஒட்டவேண்டும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒக்டோபரில் அப்படி ஒன்று வந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தை நினைவுகூரும் போத்தல். மதுவிலக்கைச் சாராயக்காரர் நினைவுகூருவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான போலந்துப் பெண்மணியிடம் கேட்டேன். "எதையும் விற்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடுக்கை இறக்கச் சொன்னார்.

போத்தல் தட்டையாக, சட்டைப் பைக்குள் வைக்கிற மாதிரி இருந்தது. அந்தக் காலத்துப் போத்தல் ஒரு பைன்ட், அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐரோப்பாவில் அந்த அளவில் விற்கக் கூடாது என்பதால் எங்களுக்கென்று அரை லிட்டரில் செய்திருந்தார்கள். கழுத்தில் சிவப்பு மெழுகு. மூடிக்கு மேலாக அரசாங்க முத்திரை போல ஒரு பச்சைத் தாள். பெட்டிக்குள் ஒரு டொக்டரின் மருந்துச்சீட்டு, பழைய காகிதம் மாதிரி மஞ்சளாக அச்சடித்தது. நோயாளியின் பெயர், நோய், உட்கொள்ளும் முறை என்று கோடுகள் போட்டு வெறுமையாக விட்டிருந்தார்கள். வாங்குகிறவர் தானே நிரப்பிக்கொள்ளலாம். அதோடு ஜெர்மன் மொழியில் ஒரு சின்னப் புத்தகம். பத்துப் பக்கம் இருக்கும். அதை நான் மத்தியான இடைவேளையில் ரொட்டியைச் சாப்பிட்டபடி வாசித்தேன்.

பதின்மூன்று வருடம் அந்த நாட்டில் யாரும் காய்ச்சக் கூடாது, விற்கக் கூடாது என்று சட்டம் இருந்ததாம். ஆனால் மருந்துக்கு என்றால் ஆகும். விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஆலைகளுக்கு மட்டும் பழைய இருப்பைப் போத்தலில் அடைத்து மருந்துக்கடைகளுக்குக் கொடுக்க அனுமதி இருந்தது. டொக்டர் சீட்டு எழுதவேண்டும். ஒரு ஆளுக்குப் பத்து நாளைக்கு ஒரு பைன்ட். இருமலுக்கு எழுதினார்கள், நெஞ்சு இறுக்கத்துக்கு எழுதினார்கள், நித்திரை வராததற்கு எழுதினார்கள். சட்டம் வந்த பிறகுதான் அந்த நாட்டில் அத்தனை பேருக்கு இருமல் பிடித்தது போலிருக்கிறது. தடை நீண்டுபோகப் போகப் பீப்பாய்க்குள் கிடந்த விஸ்கி அளவுக்கு மிஞ்சி ஊறி, மரம் மாதிரிக் கசந்ததாம். அதையும் மருந்து என்று வாங்கிக் குடித்தார்கள். இருப்பு முடிகிற நிலை வந்ததும், மருந்துக்கு என்று சொல்லிக் கொஞ்சம் புதிதாகக் காய்ச்சவும் அரசாங்கமே விட்டுக்கொடுத்தது.

சீட்டுக் கிடைக்காதவர்கள் காட்டுக்குள் காய்ச்சினார்கள். நாங்கள் கசிப்பு என்று சொல்வோமே, அதுதான். காய்ச்சுகிறவன் பசுவின் குளம்பு மாதிரி மரக்கட்டை செதுக்கிச் சப்பாத்துக்கு அடியில் கட்டிக்கொண்டு நடப்பானாம். பொலிஸ்காரன் தடத்தைப் பார்த்துவிட்டு மாடு போயிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவான். அந்தப் பக்கத்தில் கட்டையின் படமும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் கணவரின் நினைவு வந்தது. சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டிலும் மதுவிலக்கு இருந்தது. ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டும் ஆகாது என்று குடும்ப டொக்டர் சொன்ன நாளிலிருந்து. சொன்னது டொக்டர், நடத்தியது நான். என் கணவர் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர். கூடாத மனுசன் இல்லை. குடித்துவிட்டு அடிக்கவோ கத்தவோ மாட்டார். சோபாவில் இருந்து தொலைக்காட்சியைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு அடியைவிட வெறுப்பாக இருந்தது.

தடை போட்ட பிறகு அவர் ஒளிக்கத் தொடங்கினார். காரின் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர்க் கானுக்குள் வைத்தார். சுடுதண்ணீர்ப் பைக்குள் வைத்தார். ஒருநாள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தபோது, விநாகிரி என்று நினைத்து வெங்காயச் சம்பலுக்கு வொட்காவை விட்டுவிட்டேன். அன்றைக்கு எல்லாரும் சம்பலைப் புகழ்ந்து இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஆட்கள் போன பிறகு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். நான்தான் டொக்டர், நான்தான் மருந்துக்கடை, நான்தான் பொலிஸ்.

அப்போதுதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. அவர் வேலையால் வந்து கதவைத் திறந்ததும் நான் முன்னால் போய் நிற்பேன். "ஊதுங்கோ" என்பேன். அவர் சப்பாத்தைக் கழற்ற முதல் என் முகத்துக்கு நேரே ஊதுவார். நான் மணந்து பார்ப்பேன். மணந்தால் அன்றைக்குக் கதை இல்லை, மணக்காவிட்டால் சாப்பாடு. குடிச்சீங்களோ என்று நான் கேட்டதே இல்லை. குடிகாரரிடம் கேட்டு என்ன பயன்? வாய் பொய் சொல்லும், மணம் சொல்லாது என்பது என் எண்ணம்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு வசந்தகாலத்தில், கிண்ணத்தில் இருந்த சோற்றைப் பார்த்தபடி, "நான் விட்டிட்டன்" என்றார்.

"பாப்பம்" என்றேன்.

உண்மையாகவே அதற்குப் பிறகு மணக்கவில்லை. வாரங்கள் போயின, மாதங்கள் போயின, மணக்கவில்லை. நான் நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஊதுங்கோ என்று சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. எங்கள் ஒரே மகள் டுசல்டோர்ஃபில் முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை செய்கிறாள். அவள் ஒருமுறை வந்து நின்றபோது இதைக் கண்டாள். "அம்மா, இது என்ன பொலிஸ் கொன்ட்ரோலோ?" என்று கேட்டாள். "உனக்குத் தெரியாது" என்று சொல்லி அவளை அடுப்படிக்கு அனுப்பினேன்.

இந்த நிலையில்தான் அந்த நினைவுப் போத்தல் வந்தது. களஞ்சியத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி நசுங்கினது, லேபிள் பிழைத்தது எல்லாம் விற்பனைக்குப் போகாது. அவற்றை வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். பதினொரு வருடத்தில் நான் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. அன்றைக்கு என் கை பிசகி ஒரு போத்தலில் லேபிளைக் கோணலாக ஒட்டிவிட்டேன். இடது பக்க நுனி மேலே ஏறி, ஒரு மூலை மடிந்துபோனது. கழற்றினால் கண்ணாடியில் பசை படியும். பொறுப்பாளர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "இது உன்னுடையது" என்றார்.

குடும்ப டொக்டருக்கு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசாக, கொடுக்கலாம் என்று தோன்றியது. மருந்துச்சீட்டோடு வரும் விஸ்கி, பார்த்தால் சிரிப்பார். நல்ல டொக்டர், என் கணவரை மூன்று வருடமாக ஏசாமல் பார்த்தவர். நத்தாருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வீட்டுக்குள் அதை எங்கே வைப்பது? மற்றவர் ஒளிப்பதைத் தேடித் தேடியே காலம் போக்கிய எனக்கு, ஒளிக்க இடம் தெரியவில்லை.

கடைசியில் கெல்லருக்கு, எங்கள் கட்டடத்தின் நிலவறைக்குக் கொண்டுபோனேன். அங்கே எங்களுடைய அடைப்பில் ஒரு பெரிய பித்தளைப் பானை இருக்கிறது. மாமனாரின் திவசத்துக்கு மட்டும் வருடத்தில் ஒருநாள் மேலே வரும். அந்தப் பானைக்குள் கும்பச் செம்பு, குத்துவிளக்கு, பஞ்சாலாத்தி எல்லாம் கிடக்கும். தகப்பனுக்குப் படைக்கிற பாத்திரத்தை இந்த மனுசன் ஒருநாளும் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாத்திரங்களைக் கொண்டுவருவதும் மினுக்குவதும் எப்போதும் என் வேலை. போத்தலைத் துவாயில் சுற்றிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, மேலே மூடியைப் போட்டேன்.

திவசம் நவம்பரில் வந்தது. முதல்நாள் எனக்குக் காலை ஷிஃப்ட். மத்தியானம் மூன்று மணிக்குக் கெல்லருக்குப் போய்ப் பாத்திரங்களை எடுக்கலாம் என்று வந்தால், எல்லாம் அடுப்படி மேசையில் இருந்தன. பானை, செம்பு, விளக்கு, பஞ்சாலாத்தி எல்லாம் தேசிக்காய் போட்டு மினுக்கி, பத்திரிகைத்தாள் விரித்து வரிசையாகக் காய வைத்திருந்தார். என் வாழ்க்கையில் அந்தப் பித்தளை அப்படி மினுங்கி நான் பார்த்ததில்லை. அவர் வீட்டில் இல்லை. நான் கெல்லருக்கு ஓடினேன். துவாய் மட்டும் மடித்து வைத்திருந்தது.

பின்னேரம் ஆறு மணி தாண்டித்தான் வந்தார். நான் கதவடியில் நின்றேன்.

"போத்தல் எங்கை?"

அவர் என்னைப் பார்த்தார். மேல்கோட்டுப் பித்தானைக் கழற்றப் போனவர் கையை எடுத்துவிட்டு, "ஊதட்டோ?" என்று கேட்டார்.

"ஊத வேண்டாம்" என்றேன். "இனி ஒருநாளும் ஊத வேண்டாம்."

பாத்திரம் மினுக்கியதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் மகளின் அறையில் படுத்தேன். சமைத்தேன், தோய்த்தேன், கடிதம் வந்தால் மேசையில் வைத்தேன். "சாப்பாடு இருக்கு", "கரண்ட் பில் வந்திருக்கு" என்ற அளவுக்குத்தான் கதை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபத்துக்கும் ஒரு சூடு வேண்டும். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் யாருடையதோ மாதிரி, அப்படித்தான் இருந்தேன். அவர் மட்டும் பழக்கத்தை விடவில்லை. வேலையால் வந்ததும் நடையில் நிற்பார். நான் அடுப்படியில் இருப்பேன். அங்கிருந்தபடியே என் பக்கம் திரும்பி மெல்ல ஊதுவார். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அவர் சப்பாத்தைக் கழற்றுவார்.

மகள் தொலைபேசியில், "அப்பாவோடை கதையுங்கோ அம்மா" என்றாள் ஒருமுறை. நான் பேச்சை மாற்றினேன்.

பதினாறு மாதம் அப்படிப் போனது. இந்த வருடம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், பட்டறையில் விழுந்துவிட்டார். ஈரல் இல்லை, இதயம். எனக்கு அறிவித்து, பொறுப்பாளர் தன் காரில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு இளம் டொக்டர் கைகளைக் கோத்தபடி என்னென்னவோ சொன்னார். எனக்கு ஜெர்மன் விளங்கும், ஆனால் அன்றைக்கு அது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிக் காதுக்குப் பக்கத்தால் போனது. ஒரு அறைக்குள் தனியே விட்டார்கள். வெள்ளைத் துணி நெஞ்சுவரை போர்த்தியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

நான் குனிந்து மணந்து பார்த்தேன்.

மருந்து மணம்தான் இருந்தது. இன்றைக்குக் குடிக்கவில்லை என்று மனதுக்குள் பதிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் நெற்றியைத் தொட்டேன்.

செத்தவீட்டில் நான் அழவில்லை. அழாததை எல்லாரும் கவனித்தார்கள். "அழுங்கோ அக்கா, அடக்கி வைச்சிருக்கப்படாது" என்று ஒரு பெண் என் முதுகைத் தடவினாள். நான் அடக்கி வைக்கவில்லை. அழுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பெட்டி எந்த மரம், பூ எந்த நிறம் என்று கேட்டார்கள், சொன்னேன். அலுவலகத்தில் படிவங்கள் தந்தார்கள், நிரப்பினேன். திரும்பி வந்து கைகழுவிச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, ஆனால் முழுவதையும் சாப்பிட்டேன்.

எட்டுச் செலவு என்று எங்களிடம் ஒன்று உண்டு. செத்த எட்டாம் நாள், அந்த ஆளுக்கு உயிரோடு இருக்கும்போது என்னென்ன விருப்பமோ அதெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது. மீன், இறைச்சி என்று மச்சமும் உண்டு. குடித்தவர் என்றால் குடிவகையும் வைப்பார்கள், சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டும் வைப்பார்கள். படைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தவேண்டும். ஆறுதலாக வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. இந்த நாட்டில் எரிப்பதற்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. ஆட்களுக்கும் சனிக்கிழமை என்றால்தான் வர வசதி. அதனால் எங்களுடைய எட்டு, பதினெட்டாம் நாள் வந்தது.

அன்றைக்கு ஆட்டிறைச்சிக் கறி, நண்டுப் பிரட்டல், முருங்கைக்காய், இடியப்பம், சொதி எல்லாம் வைத்தேன். மகள் முதல்நாளே வந்து நின்று உதவி செய்தாள். டுசல்டோர்ஃபில் இருக்கும் கணவரின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், மத்தியானம் வந்தார். எங்களுக்கு மகன் இல்லை, படைக்கவேண்டியவர் அவர்தான். கையில் ஒரு துணிப்பை. படத்துக்கு முன் வாழையிலை விரித்து நான் கறிகளை வைத்து முடிந்ததும், அத்தான் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

தட்டையான போத்தல். சிவப்பு மெழுகு. பச்சைத் தாள் மூடிக்கு மேலே கிழியாமல் இருந்தது. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க லேபிள் கோணலாக இருந்தது. இடது நுனி மேலே ஏறி, மூலை மடிந்திருந்தது. அது என் கையால் ஒட்டியது.

"இது எங்கால உங்களிட்டை?" என்று கேட்டேன்.

"தம்பிதான் கொண்டுவந்து தந்தவன், பிள்ளை. போன வருசத்துக்கு முதல் வருசம், அப்பான்ரை திவசத்துக்கு முதல்நாள். ரயிலிலை வந்தவன். கோட்டைக்கூடக் கழட்டேல்லை. இதைத் தந்திட்டு, வாங்கி வையுங்கோ அண்ணை, வீட்டுக்கை இருந்தால் நான் குடிச்சிடுவன் எண்டான். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு அடுத்த ரயிலிலை ஓடிட்டான்."

நான் போத்தலைப் பிடித்தபடியே நின்றேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அத்தான் படத்தைப் பார்த்தார். "நீர் கோவமாய் இருக்கிறீர் எண்டு அறிஞ்சு நானும் கேட்டனான், போத்தலைக் கொண்டுபோய்க் காட்டன் எண்டு. மாட்டன் எண்டிட்டான். சொன்னால் நம்பமாட்டாள் அண்ணை, கொண்டுவந்து காட்டுங்கோ எண்டுவாள், திரும்ப என்ரை கையிலை அதோடை ஒரு மணித்தியாலம் ரயிலிலை இருக்க என்னாலை ஏலாது எண்டான். நான் கொண்டுவந்து தாறன் எண்டனான். அது வீட்டுக்கே வரவேண்டாம் எண்டிட்டான். உமக்கும் சொல்லவேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவன்."

அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சொதி ஆறிக்கொண்டிருந்தது.

"இப்ப அவனுக்கு இனி என்ன," என்று அத்தான் தொடர்ந்தார். "எவ்வளவு ஆசையை அடக்கினவன். எட்டுக்கு எண்டாலும் குடுப்பம். கத்தி ஒண்டு தாரும், மெழுகை உடைப்பம். மூடினபடி வைச்சால் படையல் இல்லை."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆசைப்பட்டதைக் கொடுப்பதுதான் எட்டு. பின்னால் நின்ற ஆண்கள் கிளாஸ் இருக்கும் அலுமாரியைப் பார்த்தார்கள். படைத்து முடிந்தால் மிச்சம் அவர்களுக்குத்தான், அதுவும் வழக்கம். மகள் கத்தியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

இரண்டு வருடம் வீடு முழுக்கத் தேடியவள் நான். பதினாறு மாதம் முகத்தைத் திருப்பியவள். இந்த மெழுகை உடைக்காமல் வைத்திருக்க அந்த மனுசன் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்தும் எனக்கு அந்த நேரம் ஒரு உணர்ச்சியும் வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இதை இப்போது நான் உடைத்தால், அவர் காத்ததை நான் கெடுத்தவளாவேன்.

"திறக்கவேண்டாம் அத்தான்" என்றேன். "அவர் குடிக்கிறேல்லை."

"பிள்ளை..."

"அவர் குடிக்கிறேல்லை. விட்டிட்டார்."

இதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் உயிரோடு இருந்தபோது ஒருவருக்கும் சொன்னதில்லை, அவருக்கும் சொன்னதில்லை. போத்தலை அத்தானின் பைக்குள் திரும்ப வைத்தேன். "உங்களிட்டையே இருக்கட்டும். உங்களிட்டைத்தானே வைச்சிருக்கச் சொன்னவர்." பிறகு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். பால் இல்லாமல், சீனி கூட, இஞ்சி தட்டிப் போட்டு. விட்ட பிறகு அவர் அதைத்தான் நாளுக்கு ஏழெட்டுத் தரம் குடித்தார். அவருடைய கோப்பையில் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். அத்தான் கற்பூரம் கொளுத்தினார்.

எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினோம். கட்டடத்துப் படிக்கட்டில் வரிசையாக நின்றோம். மேல்மாடி ஜெர்மன்காரி நாயோடு இறங்கி வந்தவள், இத்தனை பேர் கறுப்பு உடுப்போடு சாத்திய கதவுக்கு வெளியே நிற்பதைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனாள். ஐந்து நிமிடம் கழித்து அத்தான் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்.

சாப்பாடு முடிந்து, பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் ஆட்கள் போய்விட்டார்கள். அத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனார். மகள் பாத்திரங்களைக் கழுவினாள். நான் படத்தடியைத் துப்புரவாக்கினேன். இலையை மடித்தேன், சாம்பலைத் தட்டில் எடுத்தேன், கடைசியாகத் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்தேன்.

இஞ்சி மணம். வேறு ஒன்றும் இல்லை.

என்ன செய்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. படத்துக்கு முன்னால் தரையில் இருந்து அழுதேன். பதினெட்டு நாளும் வராதது வந்தது. மகள் ஈரக் கையோடு ஓடிவந்து பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா குடிக்கேல்லை பிள்ளை," என்றேன். "அவ்வளவு நாளும் அவர் குடிக்கேல்லை."

"தெரியும் அம்மா."

"பெரியப்பா உனக்கு முதலே சொன்னவரோ?"

"இல்லை," என்றாள். "நான் அப்பாவைக் கேட்டனான்."